அரைமாற்றுக் கோட்பாடு: பகிர்குதிரைக்கு ஆள் தேடுவது குறித்து ஓர் ஆய்வு

இங்கிலாந்தின் கிராமப்புறத் தீவனக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கும். காணாமல் போன பூனை, விற்பனைக்கு வந்த பழைய டிராக்டர், வீடு தேடும் நாய்க்குட்டிகள் இவற்றுக்கு நடுவே ஈரக்கை பட்டுச் சுருண்ட சீட்டு ஒன்று இருக்கும். குதிரையை வாரம் மூன்று நாள் பகிர்ந்துகொள்ளப் பொருத்தமான ஆள் தேவை என்பது அதன் சாரம். என்ன பொருத்தம் என்று எழுதியவர் சொல்வதில்லை, படிப்பவரும் கேட்பதில்லை. எதையெதையோ ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்குகிற காலத்தில் இப்படியொரு பொருள் கேட்பாரற்றுக் கிடப்பது ஆய்வுலகுக்கு இழுக்கு. அதைத் துடைக்கவே இக்கட்டுரை.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். பகிர்வோர் எனப்படுவார் யாவர் எனின், குதிரை தமதன்று எனினும் அதன் லத்தியைத் தமதாக ஏற்றுக்கொண்டோர் என்க. குதிரையை மொத்தமாக இரவல் வாங்கித் தம் இடத்துக்கு ஓட்டிச் செல்வோர் இவரல்லர். சவாரிப் பள்ளியில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துவிட்டு, இறங்கியதும் கடிவாளத்தை யார் கையிலாவது திணித்து வீட்டுக்குப் போவோரும் இவரல்லர். பகிர்வோர் வாரத்தில் இரண்டோ மூன்றோ நாள் வருவார். கொட்டடியைச் சுத்தம் செய்வார். செலவில் ஒரு பங்கு கொடுப்பார். அதற்கு ஈடாக ஏறிச் சவாரி போவார். வேலையும் செய்து காசும் கொடுக்கிறாரே, இதென்ன நியாயம் எனின், குதிரைப் பித்து என்பது நியாயத்துக்கு அப்பாற்பட்டது என்று கூறி மேலே செல்க.

இப்படி ஓர் ஏற்பாடு ஏன் தோன்றியது? கணக்கைப் பாருங்கள். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ காய்ந்த புல் தின்னும். லத்தி 15 கிலோ அளவுக்குப் போடும். உள்ளே போனது பத்து, வெளியே வருவது பதினைந்து, இது இயற்கைக்கு முரண் அன்றோ எனின், அன்று. நடுவே குடித்த வாளி வாளியான தண்ணீரையும் சேர்த்துக்கொள்க. ஆனால் அந்தப் பதினைந்தையும், கொட்டடியில் பரப்பி நனைந்துபோன மரச்சீவலையும் ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றிச் சகதி மேட்டில் தள்ளுகிறவருக்கு இந்த விளக்கம் ஆறுதல் தந்ததாகத் தெரியவில்லை. பணம் படைத்தவர்கள் ‘ஃபுல் லிவரி’ என்று மொத்தக் கவனிப்பையும் இலாயக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு இருப்பது ‘டிஐஒய் லிவரி’. கொட்டடியும் மேய்ச்சல் நிலமும் மட்டும் வாடகைக்கு. மிச்சமெல்லாம் உங்கள் பாடு. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, கிறிஸ்துமஸும் தெரியாது. ஆறேழு வாரத்துக்கொரு முறை லாடக்காரர் வருவார், அவருக்குப் பக்கத்தில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் ஓர் ஆள் வேண்டும். வேலைக்குப் போகிற ஒருவர் இதைச் சில ஆண்டுகள் தனியாகச் செய்தபின் தீவனக் கடைப் பலகைக்கு வந்து சேர்கிறார்.

முன்னோர் கூற்று

ஒரு குதிரை, இரண்டு ஆள் என்றதும் வரலாறு படித்தவர்கள் டெம்ப்ளர் வீரர்களின் முத்திரையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஜெருசலேமில் 1119-ஐ ஒட்டித் தொடங்கிய அந்தத் துறவிப் படையின் முத்திரையில் ஒரே குதிரைமேல் இரண்டு வீரர்கள் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருப்பார்கள். வறுமையின் அடையாளம் அது என்பர் பலர். அவர்களுடைய விதிநூலோ வீரர் ஒருவருக்கு மூன்று குதிரை வரை அனுமதித்தது. மூன்று குதிரை வைத்திருந்தவர்கள் ஒன்றின்மேல் இருவராக ஏறிக் காட்டியது வெறும் விளம்பரம் என்பது இவ்வாய்வாளர் துணிபு. அன்றியும், பகிர்தல் என்பது முறை வைத்து ஏறுவது, சேர்ந்து ஏறுவதன்று. ஆகவே சான்று தள்ளுபடி.

அலெக்சாந்தரின் புசெபலஸ் வேறு கதை. தன் நிழலைப் பார்த்தே மிரண்ட அக்குதிரையைச் சூரியனைப் பார்க்கத் திருப்பிவிட்டுச் சிறுவன் ஏறினான் என்று கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதியதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிய ஒரு வரிதான் நமக்கு வேண்டியது. அரச அலங்காரம் பூட்டியிருக்கும்போது அலெக்சாந்தரைத் தவிர வேறு யாரையும் அது ஏறவிடாதாம். அலங்காரம் இல்லாத வேளையில் யார் வேண்டுமானாலும் ஏறலாமாம். உலக வரலாற்றில் பதிவான முதல் பகிர்குதிரை இதுவே என இவ்வாய்வு முன்மொழிகிறது. வார நாள்களில் அதன்மேல் ஏறியவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. பகிர்வோர் வரலாறு அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

குதிரை நூல் எழுதிய கிரேக்கரான செனபோன், குட்டியைப் பழக்குநரிடம் விடும்போது திரும்பி வருகையில் அது என்னென்ன கற்றிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். எழுத்தில் இல்லாத குதிரை ஏற்பாடு சண்டையில் முடியும் என்பது கிறிஸ்துவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஆனால் பகிர்வின் செம்மையான வடிவம் ‘ரைட் அண்ட் டை’ என்பதே. இரண்டு பயணிகள், ஒரு குதிரை. ஒருவர் ஏறி முன்னே போவார், ஓரிடத்தில் குதிரையை மரத்தில் கட்டிவிட்டு நடப்பார். பின்னால் நடந்து வந்தவர் அதை அவிழ்த்து ஏறி, முன்னவரைத் தாண்டிப் போய் மறுபடி கட்டுவார். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைப் பயணிகளின் வழக்கம் இது. அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனும் நடிகர் டேவிட் காரிக்கும் 1737-இல் லிச்ஃபீல்டிலிருந்து லண்டனுக்கு இப்படித்தான் வந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 1971-இல் கலிபோர்னியாவில் இதை ஓட்டப்பந்தயமாகவே ஆக்கிவிட்டார்கள். இம்முறையின் சிறப்பு என்ன எனின், இருவரில் ஒருவர் சவாரி செய்வதை மற்றவர் பெரும்பாலும் பார்க்க வேண்டியதில்லை. இது ஏன் பெரிய பேறு என்பது பின்னர் விளங்கும்.

விளம்பரத்துக்கு உரை

விளம்பரச் சீட்டு சூத்திரம் போல் சுருங்கியது, உரையின்றி விளங்காது. ‘15.2 கை’ என்று உயரம் போட்டிருக்கும். ஒரு கை என்பது 4 அங்குலம். புள்ளியைக் கண்டு பதினைந்தும் ஐந்தில் ஒரு பங்கும் என்று நினைப்பவர் பள்ளிக் கணக்கை நம்பிக் கெட்டவர். 15 கையும் 2 அங்குலமும் என்பது பொருள், அதாவது பதினைந்தரையேதான். 15.3-க்கு அடுத்து 16 வரும். 14.2-க்கு மேற்போகாதது போனி, தாண்டினால் குதிரை. இதோடு அளவையியல் முடிந்தது.

இனிக் குணப்பகுதி. ‘குண்டு வெடித்தாலும் அசையாது’ என்றிருந்தால், நீங்கள் குதிகாலால் தட்டினாலும் அசையாது என்று கொள்க. ‘முன்னோக்கிச் செல்லும் இயல்பினது’ என்றால் நிறுத்துவது உங்கள் பொறுப்பு. ‘பெட்டைக் குதிரை, தனக்கென்று கருத்துகள் உண்டு’ என்பதற்கு அக்கருத்துகள் பெரும்பாலும் காலால் வெளியிடப்படும் என்று பொருள். ‘தொடக்க நிலையினருக்கு ஏற்றதன்று’ என்பதை மட்டும் எழுத்துக்கு எழுத்து நம்பலாம். உரிமையாளரையே அது கீழே போட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நாகரிகமான வாக்கியம் ஆங்கிலேயரிடம் இல்லை.

எடை பற்றிய வரியைப் பாராட்டியே ஆக வேண்டும். சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றலாகாது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. பத்தில் ஒன்று போதும் என்போரும் உண்டு. எனவே ‘அதிகபட்சம் 11 ஸ்டோன்’ என்று, ஏறத்தாழ 70 கிலோ, சீட்டிலேயே போட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சம்பளத்தைக் கேட்பதை அநாகரிகம் என்று கருதும் ஒரு சமூகம், முன்பின் தெரியாத ஒருவரிடம் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே எடையைக் கேட்கிறது. மறுமுனையும் கோபிப்பதில்லை. இரண்டு கிலோ குறைத்துச் சொல்கிறது, அவ்வளவுதான்.

நேர்காணல்

இந்தப் படலத்தைப் பெண் பார்க்கும் சடங்கோடு ஒப்பிடக் கை துடிக்கும். ஒப்பிடலாகாது. அங்கே பஜ்ஜி உண்டு.

வேட்பாளர் வந்து நின்றதும் உரிமையாளர் சவாரித் திறமையைச் சோதிப்பார் என்று எண்ணுவது பேதைமை. அவர் கண் வேறெங்கோ இருக்கும். குதிரையின் பின்புறமாகச் சுற்றும்போது வந்தவர் ஒரு கையை அதன் பின்தொடைமேல் வைத்தபடி, தாம் இருப்பதை உணர்த்திக்கொண்டே போகிறாரா? குளம்பைத் தூக்கி, அடியில் அடைந்திருக்கும் மண்ணையும் கல்லையும் கொக்கியால் எடுக்கும்போது குதிகாலிலிருந்து நுனியை நோக்கி இழுக்கிறாரா, அல்லது நடுவிலுள்ள மென்மையான தவளைப் பகுதியைக் குத்துகிறாரா? வயிற்றுவாரை இறுக்குகையில் பல குதிரைகள் வயிற்றை ஊதிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர் ஒரு துளை இறுக்கிவிட்டு, நாலு அடி நடக்கவிட்டு, அது மூச்சை விட்டதும் இன்னும் இரண்டு துளை இறுக்குவார். தெரியாதவர் முதல் இறுக்கிலேயே மனநிறைவு அடைந்து, அங்கவடியில் கால் வைத்ததும் சேணத்தோடு சேர்ந்து குதிரையின் விலாப்பக்கம் இறங்குவார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்று நாம் சொல்வோம். இதில் குழி பறிக்கிற வேலையைக் குதிரைக்கு மிச்சம் வைக்காமல் ஏறுபவரே முடித்துவிடுகிறார்.

இதற்குப் பிறகு முதலில் உரிமையாளர் ஏறிக் காட்டுவார். பிறகு வேட்பாளர். நடை, துள்ளுநடை, சிறு பாய்ச்சல். கடிவாள வாரைப் பிடித்துத் தொங்காமல், வாயை உணர்கிற அளவுக்கு மட்டும் பிடித்திருந்தால் நல்லது. இந்த இடத்தில்தான் உரிமையாளரின் முகத்தில் ஒரு மாறுதல் நிகழ்கிறது. இதுவரை யாரும் பதிவு செய்யாத மாறுதல்.

அரைமாற்று

வேட்பாளர் மோசமாகச் சவாரி செய்தால் உரிமையாளர் முகம் சுளிப்பார். அது எளிதில் விளங்கும். நடுத்தரமாகச் செய்தால் முகம் மலரும். மிக நன்றாகச் செய்தால், குதிரை கழுத்தை வளைத்து, முதுகை உயர்த்தி, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தது என்று கேட்கத் தோன்றும் அழகோடு நடந்தால், உரிமையாளர் சிரிப்பார். பல் மட்டும் தெரியும். ‘அருமை, அருமை, யோசித்துச் சொல்கிறேன்’ என்பார். அந்த யோசனை முடிவதே இல்லை.

இதிலிருந்து பெறப்படுவது பின்வரும் கோட்பாடு: பொருத்தமான பகிர்வோர் என்பவர், குதிரைக்குத் தீங்கு வராத அளவுக்குத் திறமையும், பொன்னுக்குத் தரம் சொல்வதுபோல் சொன்னால் உரிமையாளரைவிட அரைமாற்றுக் குறைவும் உடையவர். ஒரு மாற்றுக் குறைந்தால் குதிரையின் பழக்கம் கெடும். ஒரு மாற்றுக் கூடினால் உரிமையாளரின் உறக்கம் கெடும். அரைமாற்று என்பது மிக நுண்ணிய இடைவெளி. இத்தகையவர் குதிரைக் கொம்பு என்று சொல்வதில் மிகையில்லை.

மறுப்பாளர் கூறுவர்: உரிமையாளருக்குத் தம் குதிரை நன்றாகப் பழகினால் மகிழ்ச்சிதானே, இதில் பொறாமைக்கு இடமேது என்று. அவர்கள் அங்கவடி வாரைப் பார்த்ததில்லை. சேணத்தில் அங்கவடி தொங்கும் தோல்வாருக்கு வரிசையாகத் துளைகள் உண்டு. ஏறுபவரின் கால் நீளத்துக்கு ஏற்பக் கொக்கியை மாட்டிக்கொள்வார்கள். புதன்கிழமை பகிர்வோர் வந்துபோன பிறகு, வியாழக்கிழமை உரிமையாளர் ஏறிக் காலை நுழைத்தால் அங்கவடி இரண்டு துளை கீழே ஆடும். வார் சொல்லும் செய்தி வேறொன்றுமில்லை: நேற்று இங்கே இன்னொருவர் உட்கார்ந்திருந்தார், உங்களைவிடக் கால் நீளம். தோலில் பழைய துளையைச் சுற்றிப் பதிந்திருந்த கொக்கித் தடத்துக்குப் பக்கத்திலேயே புதிய தடம் ஒன்று மெல்ல ஆழமாகிக்கொண்டு வரும். உரிமையாளர் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

அடுத்த சான்று போலோ மிட்டாய். நடுவில் ஓட்டையுள்ள அந்தப் புதினா மிட்டாய் பிரிட்டனில் மனிதர்களுக்கென்று விற்கப்பட்டாலும், குதிரைக்காரர்களின் சட்டைப் பைக்குள்தான் பாதி கிடக்கும். பகிர்வோர் முதல் மாதம் ஒன்று கொடுப்பார், அடுத்த மாதம் இரண்டு. பிறகு ஒரு நாள் இலாயத்துக்குள் பகிர்வோரின் கார் நுழையும் சத்தம் கேட்டதும் குதிரை தலையைத் தூக்கிக் கனைக்கும். உரிமையாளர் அப்போது கையில் வாளியோடு பக்கத்தில் நிற்பார். பத்தாண்டுகளாக அவரைக் கண்டு அது கனைத்ததில்லை. காதை மட்டும் திருப்பும். பகிர்வு ஒப்பந்தங்கள் முறிவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல உண்டு: வேலைப்பளு, இடமாற்றம், முதுகுவலி. உண்மைக் காரணம் இந்தக் கனைப்பு.

சரி, உரிமையாளரின் மனக்கசப்பு குதிரைக்கு எப்படித் தெரியும் எனின், தெரியும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கூட்டல் கழித்தலுக்கெல்லாம் குளம்பைத் தட்டி விடை சொல்லிப் புகழ் பெற்றது. 1907-இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்து பார்த்தபோது, அதற்குக் கணக்கு தெரியாது என்றும், கேள்வி கேட்பவர் தம்மையறியாமல் தலையைச் சற்றே அசைப்பதைக் கண்டு தட்டுவதை நிறுத்துகிறது என்றும் புலப்பட்டது. கேட்பவருக்கே தெரியாத அசைவு குதிரைக்குத் தெரிந்திருக்கிறது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் 28 குதிரைகளுக்கு மனித முகப் படங்களைக் காட்டினார்கள். கோப முகத்தை அவை இடக்கண்ணால் பார்த்தன; இதயத் துடிப்பும் விரைந்து ஏறியது. ஆக, ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்ற சிரிப்பு வேட்பாளரை ஏமாற்றலாம். பக்கத்தில் நிற்கும் 500 கிலோ சாட்சியை ஏமாற்றாது.

சட்டம் குறித்துச் சில

இப்பகுதி வறண்டது, விரைந்து கடப்போம். பிரிட்டனில் குதிரைக்குப் பாஸ்போர்ட் உண்டு. இங்கிலாந்தில் 2020 அக்டோபர் 1 முதல் எல்லாக் குதிரைக்கும் தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் கட்டாயம். பாஸ்போர்ட்டில், இந்தக் குதிரை மனித உணவாகலாமா கூடாதா என்று ஒரு பகுதி இருக்கிறது. மூன்று வேளையும் முத்தம் கொடுத்து வளர்ப்பவரும் அந்த இடத்துக்கு ஒரு விடை வைத்திருக்க வேண்டும்.

1971-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் இன்னும் கறாரானது. வைத்திருப்பவர் என்று அது சொல்வதில் சொந்தக்காரரும் வருவார், கையில் பிடித்திருப்பவரும் வருவார். மேய்ச்சல் நிலத்தில் மிரண்டு, வேலி தாண்டிச் சாலைக்கு ஓடிக் காரில் மோதிய ஒரு குதிரையின் வழக்கில், உரிமையாளர்மேல் கவனக்குறைவு இல்லாதபோதும் அவரே பொறுப்பு என்று பிரபுக்கள் சபை 2003-இல் தீர்த்தது. ஆகவே பகிர்வோர் மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க வேண்டும். 1947-இல் தொடங்கிய பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தில் உறுப்பினராவது இதற்குப் பலர் கைக்கொள்ளும் வழி. எந்தெந்த நாள், எவ்வளவு காசு, நொண்டினால் மருத்துவச் செலவு யாருடையது, தாண்டுதல் கூடுமா, வேறு யாரையாவது ஏற்றலாமா, எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். போலோ மிட்டாய்க்கு வரம்பு விதிக்கும் ஒப்பந்தம் இன்னும் எழுதப்படவில்லை.

பருவ இயல்

ஆய்வின் கடைசிப் பகுதி காலத்தைப் பற்றியது. பெரும்பாலான சீட்டுகள் ஏப்ரலில் ஒட்டப்படுகின்றன. புல் துளிர்க்கிறது, மாலை நீள்கிறது, வேட்பாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோரும் குதிரை நேசர்கள். எல்லோரும் எந்தப் பருவத்திலும் வருவதாகச் சொல்கிறார்கள். அப்போது அவர்கள் பொய் சொல்வதில்லை. பனிக்காலம் என்ற ஒன்று இருப்பதை மறந்திருக்கிறார்கள்.

பிப்ரவரித் தொடக்கத்தில் லண்டனில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அலுவலகம் முடிந்து இலாயத்துக்கு வருகிறவருக்கு விளக்குப் போட்ட சவாரித் திடல் இல்லையென்றால் ஏறுவதற்கு வழியே இல்லை. ஏறாமலே காசு கொடுத்து, தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் லத்தி அள்ள வேண்டும். குழாயில் தண்ணீர் உறைந்திருக்கும். தொட்டிமேல் படிந்த பனிக்கட்டியைப் பூட்ஸ் குதிகாலால் உடைக்க வேண்டும். ஈரப் போர்வையைக் கழற்றி உலர்ந்ததை மாட்டும்போது முன்பட்டைக் கொக்கி மரத்துப்போன விரலுக்குள் வராது. வாயிற்கதவருகே சகதி முழங்காலுக்கு வரும், ஒரு பூட்ஸை அங்கேயே வாங்கிக்கொள்ளும். இந்த மாதத்தில் வருகிற செவ்வாய்க்கிழமைதான் பொருத்தத்தைத் தீர்மானிக்கிறது. அன்று ‘கொஞ்சம் சளி’ என்று செய்தி அனுப்புகிறவர் எவ்வளவு அழகாகச் சவாரி செய்தாலும் பகிர்வோர் அல்லர். அன்று வந்து, முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் தள்ளி, போகும்போது குதிரையின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டுப் போகிறவர் இருக்கிறாரே, அவர் உரிமையாளரைவிட ஒன்றரை மாற்றுக் கூடுதலாகச் சவாரி செய்தாலும் மன்னிக்கப்படுவார் என்பதே ஆய்வில் தெரியவந்தது. அரைமாற்றுக் கோட்பாட்டுக்கு உள்ள ஒரே விதிவிலக்கு இதுதான்.

எனவே குதிரை உரிமையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். சீட்டை ஏப்ரலில் ஒட்டாதீர்கள். பிப்ரவரி இரண்டாம் வாரம், மழை பெய்கிற ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு நேர்காணல் என்று போடுங்கள். யாராவது வந்தால் சேணத்தைப் பூட்ட வேண்டாம். கொட்டடிச் சாவியை அங்கேயே கொடுத்துவிடுங்கள். அங்கவடி வாரை மட்டும் தனியாக இன்னொரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.